படத்துக்கு வெளியே ஒரு நாற்காலி

சென்னையில் அந்தக் குளிர்சாதன அறைக்குள் நாங்கள் நான்கு பேர் இருந்தோம். அருப்புக்கோட்டையில் மிளகாய் வத்தல் வியாபாரம் செய்யும் எங்கள் முதலாளி, அவருடைய மூத்த மருமகன், கடையில் கணக்கும் கடிதமும் எழுதுகிற நான், அந்தக் கருவிகளை இயக்குவதற்கென்று இருந்த ஆபரேட்டர். எதிரே பெரிய டிவிக்குள், துபாயில், இரண்டு பேர் தெரிந்தார்கள். வருடாவருடம் எங்களிடம் வத்தல் வாங்கும் வியாபாரியும் அவருடைய மேனேஜரும். இல்லாதவர்களில் மூன்று பேரைச் சொல்ல வேண்டும். ஊரில் சரக்குக் கிட்டங்கியில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வத்தல் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த என் அம்மா. திருச்சுழியில் மூன்று வயதுப் பெண் குழந்தையோடு இருந்த ஓர் அக்கா. அந்த அக்காவின் கணவர். அவர் துபாய் வியாபாரியிடம் கிளார்க்காக வேலை பார்த்தவர். டிவியில் அவர் முகம் தெரியாததால் அவரையும் இல்லாதவர் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது இது. சொல்வதென்றால் என் அம்மாவின் கையிலிருந்து தொடங்க வேண்டும்.

நரிக்குடி, பரளச்சிப் பக்கத்துக் காடுகளில் விளையும் வத்தல் மாசி, பங்குனியில் எங்கள் முதலாளியின் கிட்டங்கிக்கு வந்து குவியும். துபாய்க்குப் போகும் சரக்கில் காம்பு இருக்கக் கூடாது. நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஒவ்வொரு வத்தலாக எடுத்துக் காம்பைக் கிள்ளிப் போடுவார்கள். கிலோவுக்கு எழுபத்தைந்து காசு. சாயங்காலம் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும், தேங்காய் எண்ணெய் தடவினாலும், மோரில் ஊறவைத்தாலும் விரலில் இருக்கிற காந்தல் போகாது. அம்மா கண்ணில் தூசி விழுந்தால் முழங்கைக்கு மேலே உள்ள சதையால்தான் துடைத்துக்கொள்வாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவள் எனக்குச் சோறு பிசைந்து ஊட்டியதில்லை. கரண்டியால் ஊட்டுவாள். மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா கை ருசி என்று ஒன்று இருக்கிறதாமே, எனக்கு எவர்சில்வர் ருசிதான்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். அருப்புக்கோட்டையில் பி.காம். முடித்தேன். வேலைக்கு எங்கெங்கோ எழுதிப் போட்டுப் பதில் வராமல் கடைசியில் அம்மா முதலாளியிடம் போய் நின்றாள். "இங்கிலீசு எழுதுவானா?" என்று கேட்டார். "அதான மொதலாளி படிச்சிருக்கான்" என்றாள். துபாய்க்கு ஃபேக்ஸ் எழுத அவருக்கு ஆள் தேவையாக இருந்தது. அப்படித்தான் அம்மா தரையில் உட்கார்ந்திருக்கும் அதே கட்டடத்தில் எனக்கு நாற்காலி கிடைத்தது.

அந்த வருடம் பெண்கள் எல்லாரும் சேர்ந்து கூலியை ஒரு ரூபாயாக ஆக்கச் சொன்னார்கள். கிலோவுக்குக் கால் ரூபாய் கூடுதல். கேட்கப் போனது என் அம்மா. மகன் ஆபீசில் இருக்கிறான், அவள் சொன்னால் எடுபடும் என்று மற்றவர்கள் அவளை முன்னால் தள்ளிவிட்டார்கள்.

முதலாளி இல்லை என்று சொல்லவில்லை. "துபாய் போய்ட்டு வாரேன் தாயி. வெல படியட்டும், பாப்போம்" என்றார்.

வருடத்துக்கு ஒருமுறை அவர் துபாய் போவார். துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு, இரண்டு பெட்டியில் வத்தல் மாதிரியோடு போய் ஒரு வாரம் தங்கி, விலை பேசி ஆர்டரோடு வருவார். விமான டிக்கெட், விசா, தங்கும் செலவு எல்லாம் சேர்த்து எண்பதாயிரம் ஆகும். இந்த எண்பதாயிரத்தின் மேல்தான் அவருடைய மருமகனுக்குக் கண். அவர் சென்னையில் ஒரு கம்பெனியில் இருந்துவிட்டு, மாமனார் தொழிலைப் பார்க்க வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒருநாள் ஆபீசுக்கு வந்தவர் மேசை மேல் ஒரு கையடக்க விளம்பரத் தாளைப் போட்டார்.

"மாமா, இனிமே வத்தல் விக்க ஏரோப்ளேன்ல போறவன் கிறுக்கன். மெட்ராஸ்ல வீடியோ கான்பரன்ஸ்னு வந்திருக்கு. இவுக இங்க ஒக்காந்துருப்பாக, அவுக அங்க ஒக்காந்துருப்பாக. மூஞ்சியப் பாத்துப் பேசிக்கிடலாம். ஒரு மணி நேரத்துல சோலி முடிஞ்சிரும்."

"வத்தல எப்பிடி மாப்ள காட்டுறது?"

"டிவில காட்டுங்க. கலர் டிவிதான்."

"கடிச்சுப் பாக்கணும்பானே."

"நீங்க கடிச்சுக் காட்டுங்க."

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். உண்மையில் எனக்கு உள்ளுக்குள் பெரிய உற்சாகம். இந்தக் கரிசல் காட்டிலிருந்து ஒருவர் கடல் தாண்டாமல் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரோடு முகம் பார்த்துப் பேசலாம், நடுவில் நின்று மொழிபெயர்ப்பவன் கிட்டங்கியில் காம்பு கிள்ளுகிறவள் மகன் என்றால் சும்மாவா. முதலாளிக்கும் மெல்ல மெல்ல ஆசை வந்துவிட்டது. கிட்டங்கிக்கு வந்து எல்லாப் பெண்களும் கேட்கும்படி சொன்னார்: "ஏத்தா, இந்த வருசம் நான் துபாய் போகல. மெட்ராஸ்லருந்தே டிவில பேசி முடிச்சிருவோம். மிச்சமாகுற காசுல ஒங்களுக்குக் கால் ரூவா ஏத்திர்றேன்."

அம்மா அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டாள். அவள் எடுத்துக்கொண்டதால் மற்ற பெண்களும் எடுத்துக்கொண்டார்கள்.

"டிவியில பேசுனா எப்பிடித்தா காசு மிச்சமாகும்?" என்று ஒருத்தி கேட்டதற்கு அம்மா, "எம் மகன் கணக்குப் போட்டுப் பாத்துட்டான். நீ கிள்ளு" என்றாளாம்.

அந்த வாரத்தில்தான் திருச்சுழி அக்கா வந்தார். வருடாவருடம் வருவார். முதலாளி துபாய் கிளம்பும் சமயம் தெரிந்து, கணவருக்கு ஒரு பார்சல் கொண்டுவந்து கொடுப்பார். கருப்பட்டிச் சேவு, காராச்சேவு, நார்த்தங்காய் ஊறுகாய், பேசிப் பதிந்த ஒரு கேசட். கடிதத்தில் எழுதினால் குழந்தையின் குரல் கேட்காதே. அதனால் கேசட்.

அந்தப் பார்சலால் எங்கள் வியாபாரத்துக்கு என்ன கிடைத்தது என்பது முதலாளிக்கு நன்றாகத் தெரியும். அவரே ஒருமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார். துபாய் போய் இறங்கினால் முதல் இரண்டு நாள் யாரும் விலை பேசுவதில்லை. டீ, பேரீச்சம்பழம், வீட்டில் எல்லாரும் சுகமா, மழை பெய்ததா என்கிற விசாரிப்பு. சாயங்காலம் திருச்சுழிக்காரர் முதலாளி தங்கியிருக்கும் அறைக்கு வருவார். பார்சலை அங்கேயே பிரித்து, சேவை வாயில் போட்டுக்கொண்டு, ஊர்ப் பேச்சு பேசி முடித்து, எழுந்து போகும்போது, "அண்ணாச்சி, வேற எடத்துச் சரக்கு இந்த வருசம் இன்னும் வந்து சேரல. நீங்க வெலைல ஒடனே எறங்கிறாதீக" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். அவ்வளவுதான். கைம்மாறு கேட்டதில்லை. வீட்டிலிருந்து பொருள் கொண்டுவந்த மனிதருக்குத் தான் செய்கிற மரியாதை என்று நினைத்தார் போல. ஆனால் இந்த ஒரு வார்த்தையை எந்தக் கணக்கில் எழுதுவது? எண்பதாயிரத்தில் அது இல்லை. மருமகனுக்கு அது தெரியவும் தெரியாது.

"அண்ணாச்சி எப்பக் கெளம்புறீக?" என்று கேட்டபடி அக்கா பார்சலை மேசை மேல் வைத்தார். குழந்தை அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இந்த வருசம் போகலம்மா. மெட்ராஸ்லருந்து டிவியில பேசுறோம்."

"டிவியிலயா? அவுக ஆபீசு தெரியுமா அதுல?"

"தெரியும்."

"அவுகளுக்கு நம்மளத் தெரியுமா?"

"தெரியும்மா. ரெண்டு பக்கமும் தெரியும்."

 அக்கா குழந்தையை முன்னால் இழுத்து நிறுத்தினார். "அப்ப நானும் புள்ளையும் மெட்ராசுக்கு வாரோம் அண்ணாச்சி. டிக்கெட்டு நாங்களே எடுத்துக்கிடுறோம். ஒங்க சோலி முடிஞ்சதும் ஒரு நிமிசம், இவள அதுக்கு முன்னால நிறுத்துனாப் போதும். அவுக போகைல இது வயித்துக்குள்ள இருந்துச்சு. போட்டாவுலதான் பாத்திருக்காக."

முதலாளி மருமகனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் "சரி சொல்லிவிடலாமா?" என்பது இருந்தது. மருமகன் அதைப் பார்த்தும் பார்க்காதது போல எழுந்தார்.

"ஏம்மா, அது என்ன போட்டா ஸ்டூடியோவா? நிமிசத்துக்கு எத்தன ரூவான்னு தெரியுமா? ஒம் புருசன் எங்கனயோ மூட்ட எண்ணிக்கிட்டு நிப்பான். அவனக் கூட்டியாரதுக்குள்ள எங்க காசு கரைஞ்சு போயிரும்."

 அக்கா முதலாளியிடம்தான் சொன்னார். "சரி அண்ணாச்சி. பார்சல் இங்கனயே இருக்கட்டும். அந்தப் பக்கம் யாராச்சும் போனாக் குடுத்து விடுங்க." பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

பார்சல் அலமாரியில் இருந்தது. விருதுநகரில் ரயில் ஏறிய அன்று மருமகன் பையிலிருந்து கருப்பட்டி வாசனை வந்தது. மதுரை தாண்டியதும் அவர் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

"யாரும் போகப் போறதில்ல. எறும்புதான் திங்கப் போகுது" என்று முதலாளிக்கு நீட்டினார். முதலாளி வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வேண்டாம் என்றாரே தவிர, தின்னாதே என்று சொல்லவில்லை. எனக்கும் நீட்டினார். பல் வலிக்கிறது என்றேன்.

சென்னையில் அந்த அறை ஒரு பெரிய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் இருந்தது. தரை முழுக்கக் கம்பளம். செருப்பை எங்கே விடுவது என்று முதலாளி வாசலிலேயே நின்றுவிட்டார். ஆபரேட்டர், "அப்படியே வாங்க சார்" என்று கூப்பிட்ட பிறகும் கழற்றிவிட்டுத்தான் வந்தார். டிவிக்கு மேலே சின்னதாய் ஒரு கேமரா. மேசை மேல் வட்டமாய் ஒரு மைக். ஆபரேட்டர் மைக்கில் ஒரு பொத்தானைக் காட்டினார். "உங்களுக்குள்ள ஏதாவது தனியாப் பேசணும்னா இதை அமுக்குங்க. சத்தம் அந்தப் பக்கம் போகாது."

"தமிழ்லதானய்யா பேசுவோம். அவனுகளுக்கு என்ன வெளங்கவா போகுது?" என்றார் மருமகன். ஆபரேட்டர் தோளைக் குலுக்கிக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்தார்.

படம் வந்தது. துபாய் வியாபாரி கையை அசைத்தார். கை ஓரிடத்தில் நின்று, பிறகு திடீரென்று வேறிடத்தில் இருந்தது. குரல் ஒரு நொடி பின்னால் வந்தது. அவருக்கும் மேனேஜருக்கும் இடதுபுறம், படத்தின் ஓரத்தில், ஒரு நாற்காலியின் கைப்பிடி மட்டும் தெரிந்தது. அதன் மேல் வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட ஒரு கை. டீ கொண்டுவருகிறவராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி வழக்கம்போல விசாரிப்பிலிருந்து ஆரம்பித்தார். "வீட்டுல எல்லாரும் சொகமான்னு கேளுப்பா. அப்பறம் நம்ம திருச்சுழி ஆளு எங்கன்னு கேளு."

நான் வாயைத் திறப்பதற்குள் மருமகன் கையால் மறித்தார். "மாமா, மீட்டர் ஓடுது. சொகத்த எல்லாம் லெட்டர்ல கேட்டுக்கிடலாம். நேரா சரக்குக்குப் போங்க."

நேராகச் சரக்குக்குப் போனோம். முதலாளி பையிலிருந்து ஒரு கை வத்தலை அள்ளிக் கேமராவுக்கு நேரே நீட்டினார். அங்கே மேனேஜர் முகத்தைச் சுளித்தார். "ஏன் கறுப்பாக இருக்கிறது?" என்று கேட்டார். நல்ல ரத்தச் சிவப்பு வத்தல் அது. டிவியில் எங்கள் பக்கப் படத்தைப் பார்த்தேன், பழைய புளி மாதிரி இருந்தது. ஆபரேட்டர் ஓடிவந்து விளக்கைத் திருப்பினார். இப்போது ஆரஞ்சு நிறம். வத்தல் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். நன்றாகக் காய்ந்த வத்தலைக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். துபாயில் நேரில் காதருகே குலுக்கிக் காட்டுவார். இங்கே மைக்கருகே குலுக்கினார். அங்கே இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"விலையைச் சொல்லுங்கள்" என்றார் துபாய் வியாபாரி.

கிலோ நாற்பத்து நான்கு ரூபாய் வருகிற மாதிரி டாலரில் சொன்னேன். அவர் ரொம்ப அதிகம் என்றார். முதலாளி மருமகன் பக்கம் சாய்ந்தார். மைக் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

"மாப்ள, நாப்பத்திரெண்டுக்குப் படியும். போன வருசம் மாதிரி. எதுக்கும் முப்பத்தொம்பது வரைக்கும் போகலாம். முப்பத்தொம்பதுல குடுத்தாலும் நமக்குக் கையக் கடிக்காது. அதுக்குக் கீழ வேணாம்."

"முப்பத்தொம்பது எதுக்கு மாமா, நாப்பத்திரெண்டுலயே நில்லுங்க."

துபாயில் எந்த அசைவும் இல்லை. வெள்ளைச் சட்டைக் கை அப்படியே கைப்பிடியில் இருந்தது. இப்போதும், அது அந்த நேரத்தில் அசையாமல் இருந்ததைத்தான் அடிக்கடி நினைக்கிறேன். கேட்ட பிறகும் அது சும்மாதான் இருந்தது.

துபாய் வியாபாரி நாற்பத்தொன்றுக்குப் பக்கத்தில் ஒரு விலை சொன்னார். முதலாளி வத்தலின் தரத்தைக் காட்டினால் அது நாற்பத்திரண்டாகும் என்று நினைத்தார். நாலு வத்தலை எடுத்து இரண்டு கையாலும் ஒடித்து நொறுக்கி, "பாருங்க, வெத எவ்வளவு கம்மின்னு பாருங்க" என்று நீட்டினார். ஜன்னல் இல்லாத அறை. ஏ.சி. காற்று அந்தத் தூளைத் தூக்கி எல்லார் மூக்கிலும் கொண்டு சேர்த்தது. முதலில் ஆபரேட்டர் தும்மினார். பிறகு மருமகன். பிறகு முதலாளிக்கு இருமல் வந்து கண்ணீர் கொட்டியது. நான் கதவைத் திறக்க ஓடினேன். துபாயில் இருவரும் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

மருமகனுக்கும் சிரிப்பு. தும்மலுக்கு நடுவே பேசினார்: "நல்லவேளை மாமா, அந்தத் திருச்சுழிப் பொம்பள புள்ளையோட வந்திருந்தா இந்நேரம் மயக்கம் போட்டுருக்கும். டிவில புருசனுக்குப் புள்ளையக் காட்டணுமாமே. சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போன்னு சொல்லிருந்தாக்கூட மலிவு. ஆனா ஒண்ணு, அவ சுட்ட கருப்பட்டிச் சேவு இருக்கே, ரயில்ல வந்த களைப்பே தெரியல. அவன் குடுத்து வைக்காதவன்."

முதலாளி இருமிக்கொண்டே, "விடுங்க மாப்ள" என்றார். அவரும் கொஞ்சம் சிரித்தார்.

நான் கதவருகே நின்றிருந்ததால் டிவியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளைச் சட்டைக் கை கைப்பிடியை விட்டு மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது அதில் ஒரு துண்டுத் தாள் இருந்தது. அதை மேனேஜர் முன்னால் வைத்தது. மேனேஜர் படித்துவிட்டு வியாபாரியிடம் தள்ளினார். வியாபாரி படித்தார். சிரிப்பு நின்றது.

நாங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்ததும் அவர் ஒரு விலை சொன்னார். இதுதான் கடைசி, வேண்டாமென்றால் இன்னொருவரிடம் வாங்கிக்கொள்கிறேன் என்றார். டாலரை ரூபாயாக மாற்றிப் பார்த்தேன். முப்பத்தொன்பது.

"தப்பாப் போட்டுருப்ப. திரும்பப் போடு" என்றார் மருமகன். திரும்பப் போட்டேன். முப்பத்தொன்பதுதான்.

முதலாளி நாற்பத்தொன்று கேட்கச் சொன்னார். நாற்பது கேட்கச் சொன்னார். அந்தப் பக்கம் தலை அசையவே இல்லை. கிட்டங்கியில் வாங்கி வைத்த சரக்கு அறுபது டன். மழை வந்தால் பூஞ்சை பூத்துப்போகும். வேறு ஆள் பார்க்கவும் நேரமில்லை. முதலாளி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரின்னு சொல்லிரு" என்றார். சொன்னேன்.

துபாய் வியாபாரி நன்றி சொல்லி எழுந்தார். மேனேஜரும் எழுந்தார். படத்தில் இரண்டு காலி நாற்காலி. இணைப்பு முடிய இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அப்போது ஓரத்திலிருந்து வெள்ளைச் சட்டை நகர்ந்து நடுவில் வந்து உட்கார்ந்தது. முன் நெற்றியில் முடி குறைந்த, கன்னம் ஒட்டிய ஒரு முகம். முதலாளி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அண்ணாச்சி, சொகமா இருக்கீகளா?" என்றார் அவர். குரலில் கோபம் இல்லை. "நீங்க டிவியில வாரீகன்னதும் நம்ம வீட்டு விசேசம் எதும் சொல்வீகன்னு காலைலருந்து இங்கனதான் ஒக்காந்திருக்கேன்."

 அந்தப் பக்கத்துக் குரல் ஒரு நொடி பின்னால் வருவதால், அவர் உதடு அசைந்து முடிந்த பிறகுதான் அடுத்தது எங்களுக்குக் கேட்டது.

"சேவு நமுத்துப் போகாம இருந்துச்சா அண்ணாச்சி?"

படம் நீலமாகிவிட்டது. "டைம் ஓவர் சார்" என்றார் ஆபரேட்டர்.

முதலாளி செருப்பை மாட்டிக்கொண்டு லிப்டில் ஏறாமல் ஐந்து மாடியும் படியில் இறங்கினார். கீழே டீக்கடையில்தான் மருமகன் வாயைத் திறந்தார். "அவன ஒளிச்சு வச்சு ஒட்டுக் கேட்டுருக்கானுக மாமா. இது மோசடி."

"யாரும் ஒளிக்கல. நாமதான் அவன் எங்கன்னு கேக்கல" என்றார் முதலாளி. 

கிட்டங்கியில் பெண்கள் காத்திருந்தார்கள். முதலாளி உள்ளே வராமல் வாசலில் நின்றே சொன்னார்: "இந்த வருசம் அடி வாங்கிட்டோம் தாயி. அடுத்த வருசம் பாப்போம்."

அம்மா எழுந்தாள். "டிவில பேசுனாக் காசு மிச்சமாகும்னீகளே மொதலாளி."

"மிச்சமாச்சு. மிச்சமானதுக்கு மேல போயிருச்சு."

அம்மாவுக்கு அது புரியவில்லை. வீட்டில் நான் விளக்கிச் சொன்ன பிறகும், "அவன் சேவத் தின்னதுக்கு எங் கூலி எப்பிடிடா போகும்?" என்றுதான் கேட்டாள். அதற்குப் பதில் பி.காமில் இல்லை.

மறுநாளிலிருந்து பெண்கள் அவளை விடவில்லை. "ஏத்தா, ஒம் மகன் டிவியில வந்தானாமே, எந்தப் படம்? எத்தன நாள் ஓடுச்சு?" என்பாள் ஒருத்தி. "கால் ரூவாப் படம்த்தா. ஒரே ஆட்டத்துல தூக்கிட்டாக" என்பாள் இன்னொருத்தி. அம்மா முதலில் சிரித்துப் பார்த்தாள். பிறகு வரிசையில் கடைசி ஆளாகச் சுவர் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். அந்த இடத்தில் காற்று வராது, காந்தல் அதிகம். எவ்வளவோ சொல்லியும் பழைய இடத்துக்கு வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சுழிக்குப் பஸ் ஏறினேன். பார்சலில் மிச்சம் இருந்த ஊறுகாய்ப் பாட்டிலையும் கேசட்டையும் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று. அக்கா பொட்டலத்தை வாங்கிப் பார்த்தார். சேவு இல்லாததைப் பார்த்தார். 

"அவுகளப் பாத்தீகளா தம்பி?"

"பாத்தேன்க்கா."

"எப்பிடி இருந்தாக?"

"வெள்ளச் சட்ட போட்டுருந்தாரு. முன்னால முடி கொஞ்சம் கொறஞ்சிருக்கு. கன்னம் ஒட்டியிருக்கு."

"பேசுனாகளா?"

"சொகமான்னு கேட்டாரு."

அக்கா குழந்தையைக் கூப்பிட்டார். "இந்தா, மாமா ஒங்க அப்பாவ டிவியில பாத்துட்டு வந்திருக்காக" என்றார். குழந்தை வந்து என் முகத்தையே உற்றுப் பார்த்தது. என் கண்ணுக்குள் அவர் இன்னும் தெரிவார் என்று நினைத்ததோ என்னவோ.

அடுத்த வருடம் முதலாளி விமானத்தில்தான் போனார். கிளம்புவதற்கு முன் என்னைத் திருச்சுழிக்கு அனுப்பிப் பார்சல் இருந்தால் வாங்கிவரச் சொன்னார். "இல்ல தம்பி, தபால்லயே போட்டுட்டேன்" என்று சொல்லி அக்கா எனக்குத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். துபாயில் இரண்டு நாள் டீயும் பேரீச்சம்பழமும் வழக்கம்போல நடந்ததாம். சாயங்காலம் அறைக்கு யாரும் வரவில்லையாம்.

கணக்கு எழுதுகிறவன் நான் என்பதால் அந்த வருடக் கணக்கு எனக்கு மனப்பாடம். துபாய் போகாததில் எண்பதாயிரம் மிச்சம். அதில் சென்னை அறைக்கும் லைனுக்கும் பதினெட்டாயிரம், ரயிலுக்கும் லாட்ஜுக்கும் மூவாயிரம் போக, ஐம்பத்தொன்பதாயிரம் கையில் நின்றது. நாற்பத்திரண்டில் முடிய வேண்டியது முப்பத்தொன்பதில் முடிந்ததால் அறுபது டன்னுக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம் போனது. இதெல்லாம் முதலாளியின் கணக்கு. ஏறாமல் போன கால் ரூபாய் நாற்பது பெண்களுக்கும் சேர்த்துப் பதினைந்தாயிரம். நாங்கள் தும்மிவிட்டு வந்த அந்த ஒரு மணி நேர அறை வாடகையைவிடக் குறைவு. சுவர் ஓரத்தில் உட்கார்ந்து அந்தச் சரக்கில் அம்மா கிள்ளியது ஆயிரத்து ஐந்நூறு கிலோ. அவளுக்கு மட்டும் ஏறாமல் போனது, முந்நூற்று எழுபத்தைந்து ரூபாய்.